பாட்டு மாடியில் ரோஸி

பிப்ரவரி 18, திங்கள்

குன்னூர் வந்து சேர்ந்தாயிற்று. அறையில் கீசர் வேலை செய்யவில்லை. காலையில் ஒரு வாளி வெந்நீர் தருவதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார். கல்லூரியில் விடுப்பு வாங்கப் பட்ட பாட்டுக்கு இந்தக் குளிர் பரவாயில்லை.

மத்தியானம் அரங்கத்தைப் போய்ப் பார்த்தேன். நினைத்ததைவிடச் சின்னது, நினைத்ததைவிட அழகு. எஸ்டேட் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கல் கோயில். அவர்கள் கப்பலேறிய பிறகு ஞாயிற்றுக்கிழமை வர ஆளில்லாமல் பூட்டிக் கிடந்து, கைமாறி, சினிமா தியேட்டர் ஆகியிருக்கிறது. பீடம் இருந்த இடத்தில் திரை கட்டினார்கள். ஜெபம் பண்ணிய பெஞ்சுகளையே பெஞ்சு டிக்கெட்டாக விற்றார்கள். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி சோடா பாட்டில் குளிர வைத்தார்களாம். பாடகர் குழு நின்று பாடிய மர மாடம் பால்கனி ஆனது. ஊரில் அதற்கு இன்றும் பெயர் பாட்டு மாடிதான். பிறகு தியேட்டரும் ஓடாமல் மூடிவிட்டது. இப்போது திருப்பூர்க்காரர் கிருபாகரன் வாங்கி நாடக அரங்கமாக மாற்றியிருக்கிறார். சீசனுக்குத் திறப்பு. திறப்பு நாடகம் என்னுடையது.

"இந்தக் கட்டடத்துக்குன்னே ஒரு நாடகம் வேணுங்க மேடம். வேற எங்கயும் போட முடியாததா இருக்கணும்" என்றார்.

"மனசுல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"நான் என்ன வெக்கறதுங்க? ஊரே வெச்சிருக்கு. ரோஸின்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

கோவையில் என் போன நாடகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நடிகர்களின் சொந்தக்காரர்கள். அதற்கு முந்தையதற்கு அவர்களும் வரவில்லை. இதை இங்கே எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுகிறேன்.

பிப்ரவரி 20

காலையிலிருந்து ரோஸியைத் தேடி அலைந்தேன். ஒவ்வொரு கடைக்கும் ஒரு ரோஸி இருக்கிறாள்.

டீக்கடைக்காரர் சொன்னது: தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கிழித்த பெண். படம் ஓட்டும் ஆபரேட்டரோடு பழக்கம். வயிற்றில் வந்துவிட்டது. அவன் கைவிட, பாட்டு மாடியிலிருந்து குதித்துவிட்டாள். காய்கறிக்காரம்மா சொன்னது: குதிக்கவில்லை, அவன்தான் தள்ளினான். சலூன்காரர், "அதெல்லாம் இல்லீங்க, கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளைப் புடவையிலயே விழுந்தா" என்று கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார். செத்த பிறகு நடந்ததில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு. பாட்டு மாடியில் ஜோடியாக யாராவது உட்கார்ந்தால் சிரிப்பாள். ஆள் இல்லாத நேரத்தில் முணுமுணுவென்று பாடுவாள்.

"நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

"நான் எதுக்குங்க ஜோடியாப் போறேன்?" என்றார் சலூன்காரர்.

எனக்கு நாடகம் கிடைத்துவிட்டது. தலைப்பு 'ரோஸி'.

பிப்ரவரி 24

துவைத்த துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. முதல் காட்சி எழுதி முடித்தேன்.

பிப்ரவரி 28, வியாழன்

நடிகர்கள் வந்துவிட்டார்கள். ரோஸியாக மதுவந்தி. என் பழைய மாணவி. கண்ணை வைத்தே பாதி நாடகத்தை நடத்திவிடுவாள். இன்று வசனம் படித்துக்கொண்டிருந்தபோது மேலே பாட்டு மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ வாயை மூடிக்கொண்டு ராகம் இழுப்பதுபோல. மதுவந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கதவுப் பக்கம் போய்விட்டார்கள்.

நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். மணிக்கோபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு ஜன்னலில் கண்ணாடி உடைந்திருக்கிறது. காற்று உள்ளே புகுந்து, பழைய ஆர்கன் குழாய்கள் இருந்த ஓட்டைகள் வழியாக வருகிறது. அவ்வளவுதான்.

கிருபாகரன் ஆளை அனுப்பிக் கண்ணாடி போட்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். முதலில் விழித்தார், பிறகு சிரித்தார்.

மார்ச் 5

கடைசி பெஞ்சில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர், மடியில் துணிப்பை. வாசல் திறந்திருந்ததால் வந்தேன் என்றார். சின்ன வயதில் இங்கே படம் பார்த்திருக்கிறாராம். பெயர் மெர்சி. எல்லாருக்கும் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் கொண்டுவந்திருந்தார்.

"தொந்தரவுன்னா போயிடறேம்மா."

"தாராளமா உக்காருங்க மெர்சிம்மா" என்றேன். யாராவது ஒருவர் ஆர்வமாகப் பார்த்தால் நடிகர்கள் நன்றாக நடிக்கிறார்கள்.

மார்ச் 9, சனி

மெர்சியம்மா தினமும் வருகிறார். இன்று மதுவந்திக்கு வெள்ளைப் புடவை கட்டிப் பார்த்தோம். இடைவேளையில் அவர் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்.

"வெள்ளை இல்லம்மா. அரக்குக் கலர் தாவணி. பாவாடை ஊதா."

"விழுந்த அன்னைக்கா?"

"ஆமாம்மா."

மேடையில் அரக்கு எடுபடாது என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

மார்ச் 15, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மெர்சியம்மா பாட்டு மாடிக்கு ஏறவேண்டும், துணைக்கு வரமுடியுமா என்றார். முழங்கால் வலிக்காரர், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே வந்து, மரக் கிராதி ஓரம் ஒரு இடத்தைக் காட்டினார்.

"இங்கதாம்மா. எங்கக்கா."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்று எழுதலாம். இருந்திருக்க வேண்டும்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். ரோஸ்லின் பொன்மணி முழுப் பெயர். வீட்டில் பொன்மணி. ரோஸி என்பது தியேட்டர்காரர்கள் வைத்த பெயர். அப்பா ஒரு பங்களாவில் சமையல்காரர். பிள்ளைகள் இருவருமே பெண்கள். அக்காவுக்கு இருபது வயது, இவருக்குப் பதினாறு. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வேலைக்கு அனுப்பியபோதுகூட அப்பா சொல்லவில்லை.

"வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு இடது கை விரல் மட்டும் ஆடும்மா. சுண்டு விரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா. நாங்க பாத்ததும் புடிச்சுப் படுக்க வெச்சிருவோம். அன்னைக்கு மேட்னி ஷோ. மேல யாரும் இல்ல. சீட்டு சரிபண்ணப் போயிருக்கா. கிராதி தாழ்வு பாருங்க, இடுப்புக்குக்கூட வராது."

"போலீஸ்ல சொல்லலையா?"

"தவறி விழுந்துட்டான்னு அப்பா சொன்னாரு. ஊரு விடுமா? வயசுப் பொண்ணு, தியேட்டர் வேலை. அதை இதைச் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. ஆயரய்யாவே நம்பிட்டாரு. கல்லறைத் தோட்டத்துல சுவரோரமா எடம் குடுத்தாரு, ஜெபம் பண்ண வரல."

"அப்பவாவது வலிப்புன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சொன்னா அது குடும்ப வியாதின்னு ஆயிரும். என்னை யாரு கட்டுவா? அப்பா அம்மாகிட்டச் சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கும்மா. 'செத்தவளுக்கு இனிமே கல்யாணமா ஆகப்போகுது? இருக்கிறவளைப் பாரு'ன்னாரு. அதோட குடும்பமே மேட்டுப்பாளையம் போயிட்டோம். கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்குடுத்தாங்க. கட்டின எடம் மறுபடி இந்த ஊராப் போச்சு. எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் பின்னாடி சொன்னேன். அவரும் போய்ச் சேந்துட்டாரு. பசங்களுக்குத் தெரியாது. கடையில நிக்கறப்ப பக்கத்துல யாராவது ரோஸி கதை பேசுவாங்க. நானும் சேந்து கேட்டுட்டு வந்துருவேன்."

மேலே காற்று இழுத்தது. அந்த ராகம். மெர்சியம்மா தலையைத் தூக்கினார்.

"கோயில்ல பாடுவாம்மா அவ. காத்துதான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் இதைக் கேக்கத்தான் வர்றேன்."

ஜன்னலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இறங்குவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாடகம் போடுங்கம்மா, வேண்டாங்கல. வயித்துல புள்ளைன்னு வெச்சுக்குங்க, என்னவேணா வெச்சுக்குங்க. பேரை மட்டும் எடுத்துருங்க. வேற எந்தப் பேரா இருந்தாலும் சரி."

பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 16

போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது. மதுவந்தியின் முகம், கீழே சிவப்பில் 'ரோஸி'. நன்றாக வந்திருக்கிறது. கிருபாகரனிடம் பெயரைப் பற்றிப் பேசுவதாக இருந்தேன். அவர் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

மார்ச் 19, செவ்வாய்

விழும் காட்சி இத்தனை நாளாகச் சப்பென்று இருந்தது. இன்று வழி பிறந்தது. மதுவந்தி கிராதி ஓரம் நிற்கிறாள். எல்லா விளக்கும் அணைந்து ஒரே ஒரு வெளிச்சம் அவளுடைய இடது கையில் விழுகிறது. சுண்டு விரல் ஆடுகிறது. அடுத்தது. அடுத்தது. பிறகு கை முழுவதும். பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, ஆனால் முதுகு சில்லிட்டுவிடும். எங்களுக்கே சில்லிட்டது.

"இதை எங்கே புடிச்சீங்கக்கா?" என்று மதுவந்தி கேட்டாள்.

"கவனிச்சுக்கிட்டே இருந்தா தானா வரும்" என்றேன்.

மெர்சியம்மா இன்று வரவில்லை. நல்லதாகப் போயிற்று. மழை பெய்தது, பாவம் நனைந்திருப்பார்.

மார்ச் 22

மெர்சியம்மா பெயரைப் பற்றிக் கேட்டார். பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ரோஸி என்பது நாட்டில் ஆயிரம் பேருக்கு இருக்கும் பெயர். இதை அவரிடம் சொல்லவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வர்க்கிக்கு நன்றி சொன்னேன்.

மார்ச் 26, செவ்வாய்

ஒரு யூட்யூப் சேனலிலிருந்து இரண்டு பையன்கள் கேமராவோடு வந்தார்கள். கிருபாகரன் ஏற்பாடு. அரங்கத்தையும் ஒத்திகையையும் படம் பிடித்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்டார்கள். நாடகத்தைப் பற்றி ஒரு கேள்வி. மீதி எல்லாம் பேய்.

"இது வெறும் கட்டுக்கதைதானே மேடம்? அப்படி ஒரு பொண்ணு இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

கேட்டவன் இளக்காரமாகச் சிரித்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. "ரோஸியோட சொந்தத் தங்கச்சியே இந்த ஊர்ல இருக்காங்க. எங்க ஒத்திகைக்கு வர்றாங்க" என்றேன். பேச்சுவாக்கில் வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை. அதில் கவனமாகத்தான் இருந்தேன்.

அவன் சட்டென்று கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். நான் திரும்பவில்லை.

ஏப்ரல் 2

வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறதாம். முதல் இரண்டு காட்சிகளுக்கும் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று கிருபாகரன் போனில் கத்தினார். ஊட்டியிலிருந்தெல்லாம் கேட்கிறார்களாம். நான் இன்னும் வீடியோவைப் பார்க்கவில்லை. அறையில் சிக்னல் சரியாக இல்லை.

ஏப்ரல் 6, சனி

திறப்பு விழா. கூட்டம் வாசல் படிவரை நின்றது.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதில்லை. விரல் ஆடத் தொடங்கியபோது ஒரு இருமல்கூட இல்லை. காற்றும் சொல்லி வைத்ததுபோல் அப்போது வந்தது. மதுவந்தி சிரித்தாள். கீழே யாரோ "ஏசுவே" என்றார்கள். விளக்கு போட்டதும் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். கிருபாகரன் கண் கலங்கினார். கல்லூரியிலிருந்து வந்திருந்த துறைத் தலைவர் முதல்முறையாக என் கையைக் குலுக்கினார்.

மெர்சியம்மா வந்திருந்தார். முதல் வரிசையில் இடம் போட்டிருந்தேன், வழக்கம்போல் கடைசி பெஞ்சுக்கே போய்விட்டார். விரல் காட்சியில் எழுந்து வெளியே போனார். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

ஏப்ரல் 8, திங்கள்

அவருக்கு அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது. நடந்து போகிற தூரத்தில்தான் வீடு. எனக்குத் தெரியும்.

காலையில் ஒரு ஆள் அரங்கத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், தேயிலை ஃபேக்டரியில் வேன் ஓட்டுகிறவர். ஜெபராஜ், மெர்சியம்மாவின் மூத்த மகன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேத்து கேமராவோட வீட்டுக்கு வந்தாங்க. 'பேயோட தங்கச்சி வீடு இதுவா'ன்னு கேட்டாங்க. என் பொண்ணு போய்க் கதவைத் தொறந்திருக்கா."

"நான் பேரே சொல்லலைங்க."

"பேரு வேற சொல்லணுமா? உங்க வீடியோவுல நீங்க தங்கச்சின்னு சொன்ன உடனே அடுத்தாப்ல எங்கம்மாவைக் காட்டறாங்க. அதே ஸ்வெட்டர். பெஞ்சுல உக்காந்து வர்க்கி பொட்டலத்தைக் கட்டிக்கிட்டிருக்கு. ஊரே பாத்தாச்சு. எனக்குப் பெரியம்மா ஒருத்தி இருந்தது எனக்கு யூட்யூப்ல தெரியுதுங்க."

மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று நினைவில்லை.

"அம்மாவைக் கேட்டேன். உக்காந்து அழுகுது. எதுக்குச் சொல்லலைன்னு நானும் சத்தம் போட்டுட்டேன். அது வேற இப்ப மனசைப் போட்டு அறுக்குது." கதவுவரை போய்த் திரும்பினார். "அந்த விரல் விசயம் அம்மா உங்ககிட்டச் சொன்னதாங்க?"

ஆமாம் என்றேன்.

"எங்கப்பாகிட்டகூட அது சொன்னதில்லையாம்."

ஏப்ரல் 9

அந்த வீடியோவைப் பார்த்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

கிருபாகரனிடம் நாடகத்தின் பெயரை மாற்றச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மேடம், அந்தம்மா உங்ககிட்ட எப்பச் சொன்னாங்க?"

"போன மாசம்."

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா போஸ்டரைக் கிழிச்சுப் போட்டிருப்பேனே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

அவர் மறுப்பார் என்று நினைத்துத்தான் நான் கேட்காமல் இருந்தேன் என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மதுவந்திக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மத்தியானம் அவளாகவே வந்தாள்.

"அக்கா, நான் அந்த விரலைப் பண்ண மாட்டேன்."

"வேண்டாம்."

"சிரிப்பும் வேண்டாம்."

"சரி."

"நான் நல்லாப் பண்றேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க்கா. ஒரு பொண்ணுக்கு வலிப்பு வர்றதைத்தான் பண்ணிக்கிட்டிருந்திருக்கேன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

இரவு சாப்பிடப் போகவில்லை. வீட்டுக்காரம்மா ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 13, சனி

புது போஸ்டர் ஒட்டினோம். பெயர் 'பாட்டு மாடி'. கதாநாயகிக்குப் பெயரே இல்லாமல் வசனத்தை மாற்றியிருந்தேன். விரலும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவள் பாடுகிறாள், வழுக்கி விழுகிறாள், பாட்டு நிற்கிறது.

விளக்கு அணைந்து மதுவந்தி மாடியில் வந்து நின்றதும் பின்னால் ஒருவன் "ரோஸி!" என்று கத்தினான். சிரிப்பு. இன்னொருவன் விசில் அடித்தான். பிறகு பத்துப் பதினைந்து குரல்கள், "ரோஸி, ரோஸி" என்று தாளம் போட்டுக்கொண்டு. அவள் பாடவே முடியவில்லை. பாதியில் விளக்கைப் போடச் சொன்னேன். மேடைக்கு வந்து, "இது ரோஸி கதை இல்லைங்க" என்றேன்.

"வீடியோவுல நீங்கதானே சொன்னீங்க?" என்றது ஒரு பெண் குரல். கிண்டல் இல்லை அதில். நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

நாளைய காட்சியை ரத்து செய்துவிட்டோம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

மெர்சியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் சிவப்பு ஜெரேனியம் டப்பாக்களில் வளர்த்திருக்கிறார்கள். மருமகள் கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றாள். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வழியில் டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கதை வளர்ந்திருக்கிறது. ரோஸி விழும் முன் விரல் ஆடுமாம். யாருக்காவது இடது கை விரல் தானாக ஆடினால் ரோஸி பக்கத்தில் நிற்கிறாள் என்று அர்த்தமாம். அதை ஒரு பள்ளிக்கூடப் பெண் தோழிக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். அச்சு அசலாக, சுண்டு விரலில் ஆரம்பித்து.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏப்ரல் 18

துணிகளை மடித்து வைத்தேன். திங்கட்கிழமை இறங்குகிறேன். மழையில் மேடை நனைகிறது என்று கிருபாகரன் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார். மத்தியானம் கொஞ்ச நேரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லை.

ஏப்ரல் 20, சனி

ஈஸ்டருக்கு முந்தின நாள் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைப்பது இங்கே வழக்கமாம். மெர்சியம்மா குடும்பமும் அங்கே போயிருப்பதாக வீட்டுக்காரம்மா சொன்னார். போகலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே போய்விட்டேன்.

கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது. இரும்பு கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே குழந்தைகள் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். சுவரோரம் புதுக் கல் ஒன்றை ஜெபராஜும் அவர் தம்பியும் நட்டுக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்த பேத்தி தலை நிமிர்ந்து ஏதோ கேட்டாள். மெர்சியம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னாரோ, எல்லாரும் சிரித்தார்கள். ஜெபராஜும்கூட. பிறகு இளவயது ஆயர் ஒருவர் வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் ஜெபம் பண்ணினார். ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாகத் தள்ளிப்போன ஜெபம். சீக்கிரமே முடிந்துவிட்டது.

கலைந்தபோது மெர்சியம்மா என்னைப் பார்த்துவிட்டார். ஜெபராஜ் ஏதோ சொல்லித் தடுத்தார். அவர் மெல்ல நடந்து கேட்டுக்கு வந்தார். இடையில் கம்பி இருந்தது. திறக்கவில்லை.

"வீட்டுக்கு வந்தீங்களாமே. உள்ளதாம்மா இருந்தேன்."

"தெரியும் மெர்சிம்மா."

"உங்களைப் பாக்க மனசு வரல."

"நான் பண்ணினது தப்பு. கேட்ட அன்னைக்கே பேரை எடுத்திருக்கணும். விரலை..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பசங்களுக்குத் தெரிஞ்சதுல எனக்கு பாரம் எறங்குச்சும்மா. அதுல பொய் சொல்லக்கூடாது. கல்லு வைக்கணும்னு ஜெபராஜ்தான் சொன்னான். ஆனா அதை நான் சொல்லியிருக்கணும். எம்புள்ளைங்களுக்கு எங்கக்காவை நானே சொல்லியிருக்கணும். அந்த ஒண்ணை வெச்சிருந்தேன், அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

கீழே சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அது போகும்வரை காத்திருந்தார்.

"ஒரு மாசத்துக்கு மேல உங்களோட உக்காந்திருந்தேன். எங்க நின்னா, என்ன துணி போட்டிருந்தா, எப்படி விழுந்தா, எல்லாம் பேசினோம். அவ எப்படிப்பட்டவன்னு நீங்க ஒருதரம்கூடக் கேக்கலம்மா. கேப்பீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

"இப்ப கேக்கறேன். சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பேத்தி சிமென்ட் அப்பிய கையோடு, "ஆயா, பெரியாயா கதைய பாதில விட்டுட்டுப் போயிட்டியே" என்று கூப்பிட்டாள்.

"இவங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் மெர்சியம்மா. "அது எங்க வீட்டோட இருக்கட்டும்மா."

ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர்களிடம் நடந்து போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும் பேத்தி காலடியில் வந்து அமர்ந்தாள். அவர் கையை அசைத்து அசைத்து ஏதோ சொன்னார். கேட்டில் நின்ற எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.